தூக்குக் கயிறும் பரிவட்டமும்

திருக்கோவிலூர் சுற்றுவட்டாரத்து நாட்டாமைகள், தர்மகர்த்தாக்கள், திருவிழாக் குழுக்காரர்கள் எல்லோருக்கும்:

கள்ளச்சாராயம் விற்று உயிரைப் பறிப்பவனைத் தூக்கில் போட வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டு உங்களில் சிலர் கூடித் தீர்மானம் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கோபம் புரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பந்தல் போட்டுக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். விஷச் சாராயம் குடித்து மொத்தம் 65 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனது. ஆனால் உங்கள் தீர்மானத்தில் அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கிறது, போலீஸ் செய்ய வேண்டியது இருக்கிறது, கோர்ட் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒரு வரிகூட இல்லை. விடுபட்ட அந்த வரிக்காகத்தான் இந்த மடல்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டு சுமந்தே தலை நரைத்தவன். மதுவிலக்கு வழக்கு எப்படி நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். பாக்கெட் விற்கிற ஆளைப் பிடிப்பார்கள். ரிமாண்ட், அப்புறம் ஜாமீன். வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்பான். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டுப் போவான். பணத்தை அவனா கட்டுகிறான்? சரக்கு அனுப்புகிறவர் கட்டுவார். அந்தத் தொழிலில் அபராதம் என்பது வண்டிக்கு டீசல் போடுவது மாதிரி ஒரு செலவு, அவ்வளவுதான். வழக்கை எதிர்த்து நடத்தினாலும் பெரும்பாலும் தப்பிவிடுவான். ஏன் தெரியுமா? சரக்கைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட ஊரில் ஒரு ஆள் கிடைக்க மாட்டார். ஊரே வேடிக்கை பார்க்கும். பேனாவை நீட்டினால் ஊரே காணாமல் போகும். கடைசியில் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் போடுவார்கள். “தனிச் சாட்சி ஒருவர்கூட இல்லையே” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது.

தண்டனை போதவில்லை என்கிறீர்களே, இந்த மண்ணில் மதுவிலக்குச் சட்டத்துக்கு வயது என்ன? ராஜாஜி 1937-இல் கொண்டுவந்தது. நடுவில் கடைகளைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இத்தனைக்கும் நடுவே கள்ளச்சாராயக்காரனுக்கு எதிரான சட்டம் இறுகிக்கொண்டேதான் வந்தது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள். முதலில் வருவது குண்டர் இல்லை, கள்ளச்சாராயக்காரர். விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம். கருணாபுரத்துக்குப் பிறகு, 2024 ஜூன் 29 அன்று சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. சாராயம் குடித்து உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் முழுக்கக் கடுங்காவல், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். இதற்கு மேல் மிச்சம் இருப்பது கயிறு ஒன்றுதான்.

கயிற்றையும் சிலர் முயன்று பார்த்துவிட்டார்கள். குஜராத்தில் எப்போதும் மதுவிலக்குத்தான். 2009 ஜூலையில் அகமதாபாதில் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடனே அந்த மாநிலம் மரண தண்டனை வரை போகும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதே குஜராத்தில், போட்டாட் பக்கம், நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அகமதாபாதில் குடித்தது அண்ணன் என்றால் போட்டாடில் குடித்தது தம்பி. சட்டம் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பீகார் கதை இன்னும் மோசம். கோபால்கஞ்சில் 2016-இல் நடந்த சாவுகளுக்காக 2021-இல் ஒன்பது பேருக்குத் தூக்கு விதித்தார்கள். அடுத்த ஆண்டே பாட்னா உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. அதே 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் மறுபடியும் கொத்துக் கொத்தாகச் சாவு. தண்டனை பெரிதாகப் பெரிதாக நீதிபதி சாட்சியத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்; பார்க்கத்தான் வேண்டும், ஒரு உயிர் விஷயம். சாட்சி சொல்லவே ஆள் இல்லாத வழக்கில் பெரிய தண்டனை என்பது பெரிய விடுதலையில்தான் போய் முடியும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பெக்காரியா என்ற இத்தாலியர் 1764-லேயே எழுதிவைத்தார்: கொடிய தண்டனை வருமோ வராதோ என்று இருப்பதைவிட, மிதமான தண்டனை நிச்சயம் வரும் என்று இருப்பதே மனிதனைத் தடுக்கும் என்று. 2015-இல் நம் இந்தியச் சட்ட ஆணையமும், நீதிபதி ஏ.பி.ஷா தலைமையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை கூடுதலாகப் பயமுறுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, பயங்கரவாத வழக்குகள் நீங்கலாக அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. கோர்ட் வராந்தாவில் நின்ற எனக்கு இந்த அறிக்கைகள் தேவைப்பட்டதே இல்லை. குற்றம் செய்கிறவன் ‘எத்தனை வருஷம் கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. ‘யார் சொல்லப் போறா?’ என்றுதான் கணக்குப் போடுவான்.

கருணாபுரத்தை அந்தக் கணக்கோடு பாருங்கள். மலையேறி, காட்டாற்றைத் தாண்டி, ஒளிந்து விற்ற இடமா அது? மாவட்டத் தலைநகரத்துக்கு நடுவே, நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பக்கத்தில். விற்றதாகக் கைதானவர் மீது முன்பே பல வழக்குகள் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. எந்த வீட்டுக்குப் போனால் பாக்கெட் கிடைக்கும் என்பது தெருப்பிள்ளைக்கும் தெரியும். அங்கே குடித்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டருக்குக் கொடுக்கும் காசில் பாதி இருந்தாலே அங்கே பாக்கெட் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் மெத்தனால் என்ற இதே விஷத்தால் இருபது பேருக்கு மேல் செத்திருந்தார்கள். பதின்மூன்று மாதம்தான் இடைவெளி. அப்போதும் கைது, அப்போதும் பத்து லட்சம் நிவாரணம், அப்போதும் ‘இரும்புக்கரம்’.

மெத்தனாலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது குடித்த உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது, மூச்சை நிறுத்துகிறது. அறிகுறி தெரிய அரை நாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். குடித்தவர் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் “சாராயத்தில்தான் கோளாறு, குடித்தவன் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடு” என்று ஒரு வாய் உரக்கச் சொல்லியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். ஜூன் 19 காலையில் முதல் சாவுகள் விழுந்தபோது காரணம் சாராயம் இல்லை என்று மாவட்ட நிர்வாகத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. அதை நம்பித் துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று செத்தவர்களின் உறவினர்கள் அழுதார்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது, மாநில அரசின் மேல்முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. எல்லாம் சரி. ஆனால் ‘சொன்னால் வம்பு’ என்று வாயை மூடிக்கொள்வது அதிகாரிகளிடம் மட்டுமா இருக்கிறது? பெரிய ஆபீசில் அதற்குப் பெயர் நிர்வாக நிதானம். நம் ஊரில் அதற்குப் பெயர் பெரிய மனுஷத்தனம்.

இங்கேதான் உங்களிடம் வருகிறேன்.

போலீசுக்குப் பயந்து வாய் மூடுகிறோம், மாமூல் வாங்குகிறார்கள், தகவல் சொன்னவன் பெயரையே விற்றவனிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். பொய் இல்லை. ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால், ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்கு அந்தச் சாராயக்காரரிடம் ரசீதுப் புத்தகத்தோடு யார் போகிறார்கள்? பயந்தவன் நன்கொடை கேட்கப் போவானா? ஒரு ஊரில் அன்னதானப் பந்தலில் ‘உபயம்’ என்று கொட்டை எழுத்தில் யார் பெயர் இருந்தது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தேர் வடத்தை முதலில் தொடச் சொல்லி அவரைத்தான் கூப்பிட்டார்கள், பரிவட்டமும் அவர் தலையில்தான். அதே திருவிழாவில் அவருடைய சரக்கை விற்றுக் கேஸில் மாட்டிய கூலிக்காரப் பையன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அன்று என்ன கற்றுக்கொண்டான் என்று நினைக்கிறீர்கள்?

நம் ஊர் மெய்ப்பொருள் நாயனார் கதையை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நானும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொன்றவனை மன்னித்து, யாரும் கைவைக்காமல் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்ன அரசர். மேடையில் அந்த மன்னிப்பைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் உறுத்துவது வாசல் காவலர்கள். முத்தநாதன் திருநீறு பூசி, சடைமுடி கட்டி, சுவடியில் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். வாசல் வாசலாக எல்லோரும் வேடத்தைக் கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாசலில் தத்தன் ஒருவன்தான் “இது சமயம் இல்லை” என்று தடுத்துப் பார்த்தான். நம் ஊர்களில் வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் நோட்டுக்கட்டு என்று வேடம் மாறியிருக்கிறது. வாசலில் நிற்பது நீங்கள்.

சமூகம் திருந்தினால் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். ஊர் நினைப்பது எவ்வளவு பயங்கரமாக இருக்க முடியும் என்பதைப் பக்கத்து மாவட்டத்தில் பார்த்திருக்கிறோம். விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகியையும் முருகேசனையும் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். நள்ளிரவில் காட்டுக்குள் ஒளிந்து செய்த காரியம் இல்லை அது, பலர் கூடிச் செய்தது. ஊர் அதைக் குற்றமாக நினைக்கவில்லை, கடமையாக நினைத்தது. போலீஸ் முதலில் வழக்கையே பதியவில்லை. சி.பி.ஐ. வந்த பிறகும் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் ஆனது. அவர்களில் இரண்டு பேர் போலீஸ்காரர்கள். குற்றவாளிகளில் பலருடைய தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2025 ஏப்ரலில். இருபத்தொன்றே முக்கால் ஆண்டு! அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மரண தண்டனை எப்போதும் இருந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகக் கொல்லப்பட்ட உடுமலை சங்கரின் வழக்கில் 2017-இல் ஆறு பேருக்கு அதை விதிக்கவும் செய்தார்கள். 2020-இல் உயர்நீதிமன்றத்தில் ஒருவருக்கும் அது நிற்கவில்லை. கொலைகளும் நிற்கவில்லை. 2025 ஜூலையில் நெல்லையில் ஒரு மென்பொறியாளர் கொல்லப்பட்ட பிறகுதான், ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை கேட்டு நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் அரசு ஆணையம் அறிவித்தது. அந்தச் சட்டம் வரட்டும், வர வேண்டும். நாளைக்கு அதற்கும் சாட்சி தேவைப்படும்.

கள்ளச்சாராயத்தையும் ஆணவக் கொலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். நம் ஊர்களுக்கு ஒரு ஆளைத் தலை குனிய வைக்கும் சக்தி இல்லாமல் இல்லை. ஏராளமாக இருக்கிறது. காதலித்துக் கல்யாணம் செய்த பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு நல்லது கெட்டதில் வெற்றிலை பாக்கு வைக்காமல் வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். யாரையும் கொல்லாத குடும்பத்துக்கு இந்தத் தண்டனை. உயிரைக் குடிக்கிறவருக்குப் பரிவட்டம். அவமானம் என்ற ஆயுதம் உங்கள் கையில்தான் இருக்கிறது, அதைத் தப்பான ஆள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இதைச் சொன்னதற்காக என்னோடு பேசாமல் இருப்பவர்கள் இருக்கலாம். அதுவும் அதே ஆயுதம்தான்.

கூட்டம் கூடிப் பொங்கியெழுவதையும் நான் கேட்கவில்லை. 2022 ஜூலை 17-இல் கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்துக்கு நியாயம் கேட்டுக் கூடிய கூட்டம் என்ன செய்தது என்று நாம் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் எரிந்தது, பேருந்துகள் எரிந்தன, நியாயம் எங்கேயோ போனது. வழக்கில் சிக்கிக் கோர்ட் வாசலில் காத்துக் கிடந்ததில் பாதிப் பேர் இருபது வயதுப் பையன்கள். ஒரு நாள் கோபத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அடுத்த நாள் அது இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாள்தோறும் நிற்கிற கண்டிப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்குப் பேருந்தில் பீடி குடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் விழுப்புரம் வண்டியில் ஏறினால் பாதி வண்டி புகையாக இருக்கும். சட்டம் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடம் முழுக்கத் தடை என்று விதியும் வந்தது. இன்றைக்கு ஓடும் பேருந்தில் யாராவது பற்ற வைத்தால் போலீஸா வருகிறது? பக்கத்து சீட்டுக்காரர், “யோவ், அணைய்யா. புள்ளகுட்டி உக்காந்திருக்குல்ல” என்கிறார். அவன் அணைக்கிறான். அந்தச் சட்டம் இல்லாத நாளில் அதே மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். சட்டம் அவருக்கு வாய் கொடுத்தது. அவர் வாய் திறந்ததால்தான் சட்டம் நடந்தது. அபராதத்தை இருநூறிலிருந்து இரண்டு லட்சமாக ஏற்றியிருந்தால் இது நடந்திருக்காது.

கல்வராயன் மலைக்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கோபப்படும்போது முதலில் கைநீட்டுவது அங்கேதான். வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது அங்கே நடக்கிறது, போலீஸ் போய் பேரல் பேரலாகக் கொட்டுவதும் நடக்கிறது. அது குற்றம்தான். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மலைச் சாராயம் இல்லை, ஆலையிலிருந்து கேனில் வந்த மெத்தனால். 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கருணாபுரத்துக்குப் பிறகு அங்குள்ள மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, வேலை எங்கே என்று கேட்டது. காய்ச்சுகிறவனுக்கு வேறு பிழைப்பு தேவை. கேன் வாங்கித் தண்ணீர் கலந்து விற்கிறவனுக்குப் பிழைப்பு இல்லாமல் இல்லை. அவனிடம் கார் இருக்கிறது. இருவரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? சாராயக்காரரின் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை. ஊர்விலக்கு வைப்பது கேவலம், ஆளைப் பொறுத்துச் சட்டப்படியும் குற்றம். அவர் சாமி கும்பிட வரட்டும், வரிசையில் நிற்கட்டும், பிரசாதம் வாங்கிப் போகட்டும். மரியாதை மட்டும் வேண்டாம். ரசீதுப் புத்தகம் அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டாம், கொடுத்தனுப்பினாலும் திரும்பிப் போகட்டும். திருவிழாச் செலவு சுருங்கும். வாணவேடிக்கை ஒரு வருஷம் இல்லாமல் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வரித்தொகையை ஏற்றினால் ஊர் முணுமுணுக்கும், ஏன் என்று கேட்கும். காரணத்தைச் சொல்ல வேண்டி வரும். அந்தப் பேச்சு டீக்கடை வரை போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒதுக்கி வைத்திருக்கும் கலப்புமணக் குடும்பங்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வாருங்கள். சாராயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஊர் வைக்கும் நியாயத்தை நாளைக்கு ஒருவன் மதிக்க வேண்டும் என்றால், இன்றைக்கு அது நியாயமாக இருக்க வேண்டும்.

அப்புறம் புகார். தனி ஆளாக யாரையும் போகச் சொல்லாதீர்கள். போனவன் பாடு என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2018-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் செல்லும் என்று ஏற்றது, ஆனால் அது நம் கீழத்தெருவுக்கு வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. மதுவிலக்குப் பிரிவுக்கு 10581 என்ற எண் இருக்கிறது, அதில் சொல்லலாம். அதைவிட, எங்கே விற்கிறது, எந்த நேரத்தில் விற்கிறது என்று எழுதி, ஊர்ப் பெயரில் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று எந்த ஆபீசும் சொல்ல முடியாதபடி அந்த ஒப்புகை உங்கள் கையில் இருக்கும். ரெய்டு வந்து மகஜருக்குப் பேனாவை நீட்டும்போது, விழாக் குழுவிலிருந்து ஒருவராவது வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் கையெழுத்து யார் போடுவது என்று அங்கேயே சண்டை வரும் என்பதும் எனக்குத் தெரியும். முதல் பெயர்தானே விற்றவன் கண்ணில் படும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. தாளின் நடுவில் புகாரை எழுதிவிட்டு, சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்துப் போடுங்கள். எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்டாமைகள் வெறுமனே கையெழுத்துப் போடாமல் அடியில் பெயரையும் எழுதிவிடுங்கள். பாதிப் பேர் கையெழுத்து எனக்கே படிக்க வராது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வக்கீல் குமாஸ்தா ஒருவன்
திருக்கோவிலூர்